எட்டாவது கம்பி

காரவள்ளி,
12.10.2025

அண்ணிக்கு,

அருள்மொழி எழுதுவது. என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்து பத்து மாதம் ஆகிறது. ஆள் விட்டுக் கேட்டதற்கு, 'எதுவானாலும் எழுதி அனுப்பச் சொல், கத்தல் எனக்கு வேண்டாம்' என்றீர்களாம். சரி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதுவும் சண்டைக் கடிதமாகப் போய்விட்டது.

டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, ராசிபுரத்தில் அண்ணன் நினைவாக நம் பாட்டுக் குழுவின் நிகழ்ச்சி. அதற்குள் வருடமும் முடிந்துவிடும். மண்டபம் பேசியாயிற்று. நோட்டீஸும் அடித்தாயிற்று. 'சின்னமுத்துவின் எட்டுக் கம்பி கிட்டார் மீண்டும் ஒலிக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். வாசிக்கப் போகிறவர் யுவராஜ். இருபது வருடம் மேடை பார்த்தவர், மடியில் கிட்டாரைப் படுக்க வைத்து இரும்பு உருளையை இழுத்து வாசிப்பதில் நம் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஆனால் அவரே கையை விரிக்கிறார். எட்டுக் கம்பியையும் எந்தெந்த ஸ்வரத்தில் கட்டுவது என்பதற்கு ஆளுக்கொரு வழி உண்டாம். அண்ணனுடைய ட்யூனிங் எது என்று தெரியாமல் அண்ணனுடைய பாட்டை வாசிக்க முடியாதாம். அண்ணன் அதை எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. கிட்டார் இருந்தபடியே இருந்திருந்தால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். நீங்கள் அதையும் விட்டு வைக்கவில்லை.

அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் உள்ளே போய்ப் பார்த்தேன். எட்டுக் கம்பியும் தொங்கிக்கொண்டிருந்தது. புருஷன் போன அன்று ஒரு பெண் செய்கிற வேலையா அது? கேட்டேன், நீங்கள் வாயைத் திறக்கவில்லை. ஊர் முன்னால் கத்தினேன். கத்தியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கேட்டது தப்பில்லை.

இரண்டில் ஒன்று செய்யுங்கள். கிட்டாரைக் கொடுத்தனுப்புங்கள். இல்லையென்றால் ட்யூனிங்கை எழுதி அனுப்புங்கள். நீங்கள் பதினான்கு வருடம் பக்கத்தில் இருந்தவர். எட்டு எழுத்துதானே, ஞாபகம் இல்லாமல் போகாது.

அருள்மொழி

பி.கு. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் இந்தக் கடிதத்தோடு கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். அது சண்டையில் சேராது.


வாழவந்தி நாடு,
16.10.2025

அருள்மொழிக்கு,

தைலம் வந்து சேர்ந்தது. மலைப் பாதையின் எழுபது வளைவு ஏறியும் பாட்டில் உடையவில்லை. ஒரு தடவை தேய்த்ததும் அத்தை, 'எம் புள்ளைக்குத்தான் எம் மேல அக்கறை' என்று என் காதில் விழும்படி சொன்னார். தேய்த்துவிட்டது நான்.

கிட்டாரைத் தர மாட்டேன். ட்யூனிங்கையும் எழுத மாட்டேன். நீ கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன்.

கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டுப் பெண் கேட்க வருகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். நோட்டீஸ் அடிக்கும் முன்பு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே முடியாது என்று சொல்லியிருப்பேன். உனக்கும் மானம் மிச்சம்.

யுவராஜ் நல்ல வாசிப்புக்காரர். நானும் கேட்டிருக்கிறேன். அவர் கைக்கு ஒத்துவருகிற ஒரு ட்யூனிங்கைத் தேர்ந்தெடுத்து வாசிக்கட்டும். ஜனங்கள் கை தட்டுவார்கள். உன் அண்ணனுடையதைத் தோண்ட வேண்டாம். ஏன் என்று கேட்காதே. சொல்லிக்கொள்கிற மாதிரியான காரணம் இல்லை.

மிளகு பறிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. கடிதம் எழுத எனக்கு நேரமும் இல்லை.

தாமரைச்செல்வி


காரவள்ளி,
2.11.2025

அண்ணிக்கு,

உங்களுக்கு வாய் உண்டு என்று இப்போதுதான் தெரிகிறது. அன்று எங்கே போயிருந்தது?

இந்தப் பதினைந்து நாளில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். அண்ணனின் பழைய பதிவுகளைப் பென்டிரைவில் போட்டு யுவராஜ் நூறு தடவை கேட்டார். ஒரு கிட்டாரை இரவல் வாங்கி வந்தார். முதலில் எல்லோரும் கட்டுகிற மாதிரி கட்டிப் பார்த்தார். ஸ்வரம் வருகிறது, அண்ணன் வரவில்லை. இரண்டாவதாக வேறு ஒன்று கட்டினார். அதில் பாதி வந்தது. தொடக்க இசையில் ஒரு மெல்லிய சத்தம் வருமே, ஜனங்கள் விசில் அடிக்கிற இடம், அது எந்தக் கம்பியிலிருந்து வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கனத்த கம்பிகளுக்கு நடுவிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறதாம். அப்படி யாரும் கட்ட மாட்டார்கள் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். மூன்றாவது தடவை ஏழாவது கம்பியை அளவுக்கு மீறி மேலே ஏற்றினார். அது அறுந்து வந்து அவர் மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. நான்கு தையல்.

போனில் இருக்கிற ட்யூனர் எல்லாம் சரி என்றுதான் காட்டுகிறது. காது மட்டும் சரியில்லை என்கிறது. யுவராஜ் என்னிடம் சொன்னார்: 'உங்க அண்ணனுக்கு இருந்த காது எனக்கு இல்லீங்க.' எனக்கு அப்போது அழுகை வந்தது. பெருமையா வயிற்றெரிச்சலா, எனக்கே தெரியவில்லை. என் அண்ணன் காதால் பிடித்த ஒன்று, இந்த உலகத்தில் இப்போது உங்களிடம் மட்டும் இருக்கிறது. நீங்கள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு மிளகு பறிக்கிறேன் என்கிறீர்கள்.

இன்னொன்று. போன வாரம் சந்தைக்கு இறங்கி வந்த உங்கள் ஊர்ப் பாப்பாயி என் வீட்டில் காப்பி குடித்துவிட்டு ஒரு சேதி சொன்னாள். 'உங்க அண்ணன் ஊட்டுலருந்து மத்தியானத்துல அந்தக் கிட்டாருப் பொட்டிச் சத்தம் கேக்குது. ஆரு வாசிக்கறாங்கன்னு தெரியல, கதவு சாத்தியிருக்குது.' யார் அண்ணி அது? யாருக்குக் கொடுத்துவிட்டீர்கள்?

நான் இனிக் கெஞ்ச மாட்டேன். வரும் 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மேலே வாரேன். தனியாக அல்ல, ஊர்க் கவுண்டரைக் கூட்டிக்கொண்டு. அண்ணன் பொருளில் தங்கைக்குச் சொல்லும் இடம் உண்டா இல்லையா என்று அவர் முன்னால் பேசிக்கொள்வோம்.

அருள்மொழி


வாழவந்தி நாடு,
6.11.2025

அருள்மொழிக்கு,

கவுண்டரைத் தாராளமாகக் கூட்டி வா. காப்பி போட்டு வைக்கிறேன். பாப்பாயியையும் சேர்த்துக் கூட்டி வா, சாட்சிக்கு ஆகும்.

அந்தச் சத்தம் நான்தான். நான்தான் வாசிக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய் என்று தெரியும். எனக்குப் பாட வராது, தாளம் போட வராது, மேடைக்குப் பின்னால் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவள். இதற்கு மேல் எழுதப் போவதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உன் அண்ணனிடம் சத்தியம் செய்திருந்தேன். பதினோரு மாதம் காப்பாற்றினேன். நீ 'அண்ணன் காது, அண்ணன் காது' என்று எழுதி எழுதி என் வாயைக் கிளறிவிட்டாய்.

ஏழு வருடத்துக்கு முன்பு கிழங்கு மூட்டை ஏற்றும்போது லாரியின் பின்கதவு அவர் இடது கையில் விழுந்தது. உங்களிடம் ஆறிவிட்டது என்று சொன்னார். ஆறவில்லை. கடைசி இரண்டு விரலும் கட்டை மாதிரி ஆகிவிட்டது. உருளையைப் பிடிப்பது முன்விரல்கள்தான். ஆனால் அதைச் சாய்த்துப் பிடிக்கப் பின்விரல் இரண்டும் வேண்டும். சாய்க்காமல் பாதிப் பாட்டு வராது. அவர் கிட்டாரைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டார். நான்கு மாதம் குழுவுக்கு வராமல் மலையிலேயே இருந்தாரே, கிழங்கு வேலை என்று சொல்லி, அப்போது.

ஒரு நாள் நான்தான் கீழே இறக்கினேன். உருளையைச் சாய்க்க முடியாது என்றால், சாய்க்காமலே அந்த ஸ்வரம் வருகிற மாதிரி கம்பியை மாற்ற முடியாதா என்று கேட்டேன். 'உனக்கு என்னடி தெரியும்' என்றார். ஒன்றும் தெரியாதுதான். ஆனால் எனக்குக் கேட்க வரும். இதே மலையில் குண்டனி நாட்டில் பிறந்த காலத்திலிருந்து எனக்கு வந்த ஒரே வித்தை அதுதான். நாற்பது நாள் ஆயிற்று. கிழங்குக் காட்டிலிருந்து வந்ததும் உட்காருவேன். ஒரு கம்பியை இறக்குவேன், ஒன்றை ஏற்றுவேன், அவர் உருளையை நேராக வைத்து இழுப்பார், 'இல்லை' என்பார். கடைசியில் ஏழாவது இடத்தில் இருந்த கனத்த கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பியைப் போட்டேன். யுவராஜுக்குப் பிடிபடாத சத்தம் அங்கேதான் இருக்கிறது. அது வந்ததும் உன் அண்ணன் என் தலையில் கை வைத்து அழுதார்.

ட்யூனரை நம்பிக் கட்டினால் சரியாக வராது. இரண்டு கம்பியை முள் நடுவுக்கு வரும் முன்பே நிறுத்த வேண்டும். எவ்வளவு முன்பு என்பது காதுக்குத்தான் தெரியும். உன் அண்ணனுக்கு அது கடைசிவரை தெரியவில்லை. பாட்டு கட்டுவதில் அவரை மிஞ்ச முடியாது. கம்பி கட்டியது நான். ஒவ்வொரு மேடைக்கும் நான்.

'என் கை ஊனம்னு தெரிஞ்சா பரிதாபத்துல கை தட்டுவானுங்க, வேண்டாம்டி' என்றார். அதனால் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அவர் என்னை மன்னிக்கட்டும். நீ மன்னிக்க வேண்டாம்.

எந்தக் கம்பிக்கு எந்த ஸ்வரம் என்று இப்போதும் எழுதப் போவதில்லை.

தாமரைச்செல்வி


காரவள்ளி,
11.11.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் அடுப்பில் போடப் போனேன். என் வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார். அவரிடம், 'பாருங்க, செத்தவனைப் பத்தி என்னென்ன எழுதியிருக்காங்கன்னு' என்று கத்தினேன். அவர் படித்துவிட்டு மைக் செட் ஒயரைச் சுற்றி வைத்தார். பிறகு கேட்டார்: 'ஏன் அம்மணி, உங்க அண்ணன் கம்பி முறுக்கி நீ என்னைக்காச்சும் பாத்திருக்கியா?'

கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி படித்தேன்.

பார்த்ததில்லை. எத்தனை மேடை, ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. நிகழ்ச்சிக்கு முன்பு கிட்டார் உங்கள் மடியில்தான் இருக்கும். ஒரு மஞ்சள் துணியும் இருக்கும். யாராவது கேட்டால் அண்ணன் சொல்வான்: 'அவ தொடச்சுக் குடுக்கறா.' நாங்களும் நம்பினோம். ஒரு கிட்டாரைத் துடைக்க அரை மணி நேரம் எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்லாவே காதில் பூ சுற்றியிருக்கிறீர்கள் இரண்டு பேரும்.

மைக்கைப் பிடித்து 'எங்கண்ணன் காது தெய்வம் கொடுத்த காது' என்று ஊர் ஊராகச் சொன்னேனே, அப்போதெல்லாம் நீங்கள் பின்னால் உட்கார்ந்து என்ன செய்தீர்கள்? சிரித்தீர்களா? சிரித்திருந்தாலும் பரவாயில்லை. சிரிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான்கு மாதம் அவன் மலையில் இருந்தபோது, குழுவைக் கைவிட்டுவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை மேலே வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, நம்புகிறேன். கம்பி கட்டியது நீங்கள். ஆனால் நம்பிய பிறகுதான் என் கேள்வி இன்னும் பெரிதாகிறது. நாற்பது நாள் உட்கார்ந்து கட்டியவருக்கு அதன் அருமை தெரியாமல் இருக்காது. அவிழ்த்தால் அந்த நிலை போய்விடும் என்றும் தெரியும். தெரிந்தே அன்று எட்டையும் அவிழ்த்திருக்கிறீர்கள். அண்ணன் மேல் அவ்வளவு கோபமா? பெயர் அவனுக்குப் போயிற்று, அதனால் நான் கட்டியதை நானே அவிழ்க்கிறேன் என்றா? எங்களுக்குக் கிடைக்கக் கூடாது என்றா?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம். பதில் வராவிட்டால் 23ஆம் தேதி கவுண்டரோடு வருவதில் மாற்றம் இல்லை.

அருள்மொழி


வாழவந்தி நாடு,
15.11.2025

அருள்மொழிக்கு,

பதில் எழுதுகிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிய பிறகு அவர் இங்கே மூன்று நாள் கிடந்தார். முதல் நாள் பேசினார். அடுத்த இரண்டு நாளும் மூச்சு மட்டும்தான். இழுத்து இழுத்து, நடுவில் நின்று, போய்விட்டது என்று நாங்கள் குனியும்போது மறுபடி இழுக்கும். பெற்ற தாய் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? மூன்றாம் நாள் காலையில் அத்தை எழுந்து, 'எதோ ஒண்ணு எம் புள்ளையப் புடிச்சு வெச்சிருக்குது. ஊட்டுல கட்டினதெல்லாம் அவுத்து உடுடி' என்றார். நம் பக்கத்தில் சிலர் அப்படிச் செய்வது உனக்கும் தெரியும்.

ஆட்டுக் கயிற்றை அவிழ்த்தோம். கிழங்கு மூட்டை, ராகி மூட்டை, எல்லாவற்றின் வாயையும் அவிழ்த்தோம். கொடிக் கயிறு, பொட்டலத்து நூல், அவர் இடுப்புக் கயிறு. அத்தை தன் கொண்டையை அவிழ்த்துவிட்டார். மத்தியானம் ஆகியும் மூச்சு அப்படியேதான் இருந்தது. அப்போது அத்தை சுவரில் மாட்டியிருந்த கிட்டாரைப் பார்த்தார். 'அதுல எட்டுக் கட்டு இருக்குது' என்றார்.

நான் மாட்டேன் என்றேன். முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினேன். அவர் என் காலைத் தொட வந்தார்.

கிட்டாரை எடுத்து உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெல்லிய கம்பியிலிருந்து ஆரம்பித்தேன். கம்பி முறுக்கும் ஒவ்வொரு சாவியையும் திருப்பும்போது ஒரு தடவை தட்டினேன், அவருக்குக் கேட்கட்டும் என்று. ஏழு முடிந்தது. எட்டாவதுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம், ச. அதைத் திருப்பினேன். அது கீழே இறங்கி இறங்கி, ஸ்வரமாக இல்லாமல் வெறும் நடுக்கமாக ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். அவர் இல்லை.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. நீ வந்தது மூன்றரைக்கு.

அவர் கஷ்டம் தீர்ந்தது என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த ஒரு கம்பியை விட்டு வைத்திருந்தால் நீ வரும்வரை இருந்திருப்பார், நீ முகம் பார்த்திருப்பாய் என்று இன்னொரு மனம் சொல்கிறது. அன்று நீ ஏன் அவிழ்த்தாய் என்று கேட்டபோது என்ன சொல்ல? உன் அண்ணனை நான்தான் அனுப்பிவிட்டேன் என்றா? அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

ஆறு மாதம் அதைத் தொடவில்லை. பிறகு தொட்டேன். அவர் ட்யூனிங்கில் கட்ட மனம் வரவில்லை. என் கையில் பத்து விரலும் நன்றாக இருக்கிறது, சாய்க்க முடியும், எனக்கு அந்த மெல்லிய ஏழாவது கம்பி வேண்டியதில்லை. என் கைக்கு வேறு ஒன்று தேடினேன். ஏழு கம்பி கட்டிவிட்டேன். எட்டாவது இன்னும் தொங்குகிறது. சாவியில் கை வைத்தால் விரல் மரத்துப் போகிறது.

உன் அண்ணனுடைய ட்யூனிங் கீழே இருக்கிறது. ஒன்றாவது, மெல்லிய கம்பி, ப. அடுத்தது க. பிறகு ச, த, ப, க. ஏழாவது, மெல்லிய கம்பியில் மேல் ரி. இரண்டு க-வையும் முள்ளுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தச் சொல். எட்டாவதை எழுதக் கை வரவில்லை. மேலே ஒரு தடவை எழுதிவிட்டேன், அதைப் பார்த்துக்கொள்.

23ஆம் தேதி வா. கவுண்டர் தேவையில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு போ. நான் தடுக்க மாட்டேன்.

தாமரைச்செல்வி


காரவள்ளி,
19.11.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனால் நான் வருவதற்கு முன்பே இந்தக் கடிதம் வந்து சேரட்டும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தாள். நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தோம். 'கெளம்பி வா கண்ணு, தாங்காது' என்றாள். வாரேன் என்று சொல்லிவிட்டு மேடை ஏறினேன். அண்ணன் அதற்கு முன்பு இரண்டு தடவை இப்படிப் படுத்து எழுந்தவன். இந்தத் தடவையும் எழுந்துவிடுவான், நாம் பாதியில் இறங்கிப் போனால் குழுவின் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிவரை பாடினேன். பிறகும் நான்கு பாட்டு கேட்டார்கள். சிரித்துக்கொண்டே பாடினேன், அண்ணி.

பஸ் முப்பதாவது வளைவில் நின்றுவிட்டது, அதனால்தான் தாமதம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பஸ் எங்கேயும் நிற்கவில்லை.

ஒரு கம்பியை விட்டு வைத்திருந்தால் நான் முகம் பார்த்திருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. போன் வந்ததும் மேடை ஏறாமல் கிளம்பியிருந்தால் பார்த்திருப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. யாரும் என்னை எங்கே இருந்தாய் என்று கேட்பதற்குள் நான் கேட்டுவிட வேண்டும். தொங்கின கம்பி கண்ணில் பட்டது. உங்களைப் பிடித்துக்கொண்டேன். பதினோரு மாதமாக விடவில்லை.

நீங்கள் எழுதிய ஏழையும் யுவராஜ் கட்டிப் பார்த்தார். நீங்கள் சொன்னபடியே க இரண்டையும் கீழே நிறுத்தினார். தொடக்க இசை வந்தது. அப்படியே அண்ணன். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். யுவராஜ் மட்டும் உருளையைக் கீழே வைத்துவிட்டு, 'இது ஒரே ஒரு கைக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டைங்க. நான் போட்டா திருட்டுச் சட்டை மாதிரி இருக்கும்' என்று சொல்லிவிட்டார். வாசிக்க மாட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வாரேன். தனியாக. கிட்டாரை எடுத்துப் போக வரவில்லை. அந்த எட்டாவது கம்பியை நான் முறுக்குகிறேன். நீங்கள் காது மட்டும் கொடுங்கள்.

உங்கள்
அருள்மொழி


வாழவந்தி நாடு,
22.11.2025

அருளு கண்ணு,

இதைக் காலை பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். நீ நாளை கிளம்புவதற்குள் கிடைத்துவிடும்.

உன் கடிதத்தை நேற்று மத்தியானம் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கல்யாண மண்டபத்தையும் பஸ்ஸையும் மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். அது நமக்குள் இருக்கட்டும்.

பஸ் நிற்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நம் கடிதங்களைக் கொண்டுவருகிறாரே, அந்தக் கண்டக்டர்தான் அன்றும் அந்த பஸ்ஸில் வந்தார். துக்கத்துக்கு வந்தவரே சொன்னார். பதினோரு மாதம் அதைக் கையில் வைத்திருந்தேன். நீ கவுண்டரைக் கூட்டி வருவதாக எழுதினாயே, அதற்கு எழுதிய பதிலில் இதைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது நல்லதாகப் போயிற்று.

நான் அந்தக் கம்பியைச் சுமந்துகொண்டிருப்பது அத்தைக்குத் தெரியாது. உனக்கு என்ன எழுதினேன் என்பதையும் நேற்றுதான் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனார். அன்று அவிழ்த்த ஆட்டுக் கயிறுகள் இன்னும் முளையிலேயே கிடந்தன. இத்தனை நாளும் படலைச் சாத்தித்தான் ஆடுகளை வைத்திருந்தோம், கட்ட இரண்டு பேருக்கும் கை வரவில்லை. அத்தை அந்த முழங்காலோடு உட்கார்ந்து எழுந்து ஐந்து ஆட்டையும் கட்டினார். பிறகு உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

'அவுக்கச் சொன்னது நானு. எம் புள்ளைய நாந்தாண்டி அனுப்பி வெச்சேன். அத நீ எதுக்குச் சொமக்கற? இப்பவும் நாந்தாஞ் சொல்றேன். கட்டு சாமி.'

கட்டினேன். நீ வரும்வரை பொறுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. விரல் மரத்துப் போகவில்லை. அத்தை சாவிப் பக்கம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் உன் அண்ணன் ச-வில் அதை நிறுத்தவில்லை. அவர் சுருதி உன் குரலுக்கு எப்போதுமே ஒரு படி உயரம். நீ எட்டிப் பிடித்துத்தான் பாடுவாய். மூன்றாவது பாட்டிலேயே உன் கழுத்து நரம்பு புடைப்பது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அண்ணனிடம் சுருதியை இறக்கச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை, எனக்குச் சொல்ல இடம் இல்லை. இப்போது இருக்கிறது. எட்டாவது கம்பியை உன் குரல் நிற்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். மற்ற ஏழையும் அதற்குத் தக்கபடி இறக்கிவிட்டேன். இறக்கியதில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. வரும்போது ஒரு சுற்றுக் கனமான கம்பியாக எட்டும் வாங்கி வா. யுவராஜிடம் கேட்டால் கிடைக்கும் இடம் சொல்வார். அவர் மணிக்கட்டு ஆறிவிட்டதா என்றும் கேட்டுவிட்டு வா.

நோட்டீஸில் 'சின்னமுத்துவின் எட்டுக் கம்பி கிட்டார்' என்று போட்டிருக்கிறாய். அது அப்படியே இருக்கட்டும், பொய் இல்லை. வாசிக்கிறவர் பெயரை மட்டும் மாற்றிவிடு.

உன் அண்ணி
தாமரைச்செல்வி